தலைநகரமும் பெருங்கோயிலும்

பேரரசுகளை நிறுவிய மன்னர்கள் அரண்மனை கட்டியதோடு அமையவில்லை. தம் வெற்றிக்குச் சான்றாகப் பெருங்கோயிலும் எழுப்பினர். மேற்கே கான்ஸ்டாண்டிநோபிளில் ஜஸ்டினியன் 532 முதல் 537 வரை ஹாகியா சோபியா பேராலயத்தைக் கட்டினான். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், நம் முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழீச்சரத்தை எடுப்பித்தான். இரண்டும் ஏறத்தாழ 180 அடி உயரம். ஆயின் முன்னதைச் சுற்றி இஸ்தான்புல் மாநகரம் இன்றும் வாழ்கிறது; பின்னதைச் சுற்றி வயல்களும் சிற்றூருமே உள்ளன. இவ்வேறுபாடு எதனால் வந்தது என்பதைக் காண்போம்.

இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலை 1010இல் முடித்தான். அவன் மகன் தஞ்சையிலேயே இருந்து ஆண்டிருக்கலாம். எனினும் வடபுலத்தில் கங்கை வரை சென்று மீண்ட சோழர் படையின் வெற்றியை நிலைநிறுத்த விரும்பிப் புதிய தலைநகரையே படைத்தான். கங்கை நீரைக் கொணர்ந்து பெரிய ஏரியொன்றில் பெய்து, அதற்குச் சோழகங்கம் எனப் பெயரிட்டான். நீராலான வெற்றித்தூண் என்று அதனைத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. பிறர் கல்லில் நாட்டிய வெற்றித்தூணை அவன் உழவர்க்குப் பயன்படும் நீரில் நாட்டினான்! இன்று அதற்குப் பொன்னேரி என்று பெயர்.

இனி, கட்டட முறையைச் சற்று நோக்குவோம். ஹாகியா சோபியாவின் குவிமாடம் செங்கல்லும் சாந்தும் கொண்டது. அகலம் சுமார் 100 அடி. நான்கு பெரிய வளைவுகள் அதனைத் தாங்குகின்றன. குவிமாடத்தின் எடை கீழ்நோக்கி மட்டும் இறங்குவதில்லை. சுவர்களை வெளிப்புறமாகவும் தள்ளுகிறது. 558இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பின்னர் முன்னிலும் சுமார் 20 அடி உயர்த்திக் கட்டி 562இல் முடித்தனர். மாடம் உயர்ந்து குவியக் குவிய, வெளித்தள்ளும் விசை குறையும். குவிமாடத்தின் அமைப்பை நேரில் காண நாம் துருக்கி செல்ல வேண்டியதில்லை. லோத்குண்டாவில் பேருந்து ஏறினால் கோல்கொண்டாவில் குதுப்ஷாஹி கல்லறைகளைக் காணலாம்.

சோழர் முறை வேறு. ஒவ்வொரு வரிசைக் கருங்கல்லையும் கீழ்வரிசையைவிடச் சிறிது உள்ளே தள்ளி அடுக்கினர். எடை பெரும்பாலும் நேரே கீழிறங்கும். அதனால் உறுதி மிகுதி. ஆனால் அகன்ற இடத்தை இம்முறையால் மூட இயலாது. பெருங்கூட்டம் ஒரே கூரையின்கீழ் கூடி வழிபட அங்கே குவிமாடம் தேவைப்பட்டது. இங்கே கருவறை சிறிதாக இருந்தால் போதும். மக்கள் கூடத் திறந்த திருமுற்றம் உண்டு. எது உயர்ந்தது என்று வாதிடுவதைவிட, எது எதற்காக என்று கேட்பதே அறிவுடைமை.

கருங்கல்லை நம்பிய கோயில் நின்றது. செங்கல்லை நம்பிய அரண்மனை மறைந்தது. 1279 அளவில் சோழராட்சி முடிந்தது. கான்ஸ்டாண்டிநோபிள் இரு கடல்களின் வாணிகத்தை இணைக்கும் நீரிணைக் கரையில் இருந்தமையால், 1453இல் ஆட்சி மாறியும் நகரம் அழியவில்லை. பேராலயம் பள்ளிவாசலாயிற்று, 1935இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது, 2020இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. அரசன் விருப்பால் மட்டும் எழுந்த நகரத்துக்கோ அத்தகைய பற்றுக்கோடு இல்லை. மாளிகைமேட்டு அகழாய்வில் கிடைத்த செங்கற்சுவர்களும் கூரை ஓடுகளுமே அரண்மனையின் எச்சம்.

1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, சிதைந்திருந்த கோபுரத்தின் கற்களும் மதிற்கற்களும் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. அணை வயல்களை வளர்த்தது உண்மை. ஆனால் கல்லோடு போன கல்வெட்டுகளை யார் மீட்பார்? 2004இல் யுனெஸ்கோ இக்கோயிலை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அப்பெருமை எஞ்சியதைக் காக்கும், இழந்ததைத் தராது.

நண்பர்களே! பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலத்தில் குடியேறிய குடும்பங்களில் நாம் வளர்ந்தோம். பழம்பெருமையை மேடையில் முழங்குவது எளிது. கல்வெட்டைப் படிக்கவும், கட்டடத்தை அளக்கவும் கற்போம். அளந்து அறிந்த பெருமையே நிலைக்கும்.