வலி ஜெல்லைத் தைலம் மாதிரி தேய்க்காதீர்கள்

சுங்கை பூலோவில் பழைய தொழுநோயாளர் குடியிருப்பை ஒட்டி, சாலையின் இரண்டு பக்கமும் நர்சரிகள் வரிசையாக இருக்கும். அம்மா அங்கே பல வருடம் வேலை பார்த்தார். நாள் முழுக்கக் குனிந்து மண் கலந்து, பூந்தொட்டி தூக்கி வைத்து, மாலையில் வீடு வந்ததும் கோடாலித் தைலத்தைத் தேடுவார். உள்ளங்கையில் ஊற்றி, சூடு பறக்கத் தேய்த்து, மேலே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு படுத்துவிடுவார். பிறகு வீட்டுக்கு டியூபில் ஜெல் வந்தது. அதையும் அவர் அப்படியேதான் தேய்த்தார். அந்த ஜெல்லால் பட்ட பாட்டை 8ஆம் குறிப்பில் சொல்கிறேன்.

டைக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபன், பைராக்சிகாம், ஐபுபுரோஃபன் என்ற பெயர்களில் வரும் ஜெல்கள் தோலில் சூடோ குளிர்ச்சியோ காட்டி வலியை மறக்கடிப்பவை அல்ல. தோல் வழியாக உள்ளே இறங்கி, வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டகிளாண்டின் சுரப்பதைக் குறைப்பவை. மாத்திரையாக விழுங்குகிறோமே, அதே மருந்துகள்தாம். மருந்துக்கு உரிய கவனத்தோடு எடுத்துப் பூச வேண்டும்.

1. டியூபில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் படியுங்கள். ஒரே பெயரில், ஒரே நிறப் பெட்டியில் இரண்டு வீரியத்தில் ஜெல் வருகிறது. டைக்ளோஃபெனாக்கில் சாதாரண வகையை ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை பூசலாம். இருமடங்கு வீரியம் உள்ளதைக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை பூசினால் போதும். பக்கத்து வீட்டு அக்கா நாலு வேளை பூசுகிறார் என்பதற்காக நாமும் பூசக்கூடாது.

2. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துப் பெட்டியில் MAL என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். இவை இல்லாமல் பாசார் மாலாமில் விற்கும் மூட்டுவலி எண்ணெய், களிம்பு எதையும் வாங்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

3. அளவில்தான் நம் வீடுகளில் அதிகம் தவறு நடக்கிறது. சிலர் பட்டாணி அளவு தொட்டு முழங்கால் முழுக்க இழுத்துவிட்டு, "மருந்து கேக்கல" என்கிறார்கள். வேறு சிலர் பாதி டியூபைப் பிதுக்குகிறார்கள். அமெரிக்காவில் சாதாரண டைக்ளோஃபெனாக் ஜெல்லோடு அளவு அட்டை ஒன்று கொடுக்கிறார்கள். அதன்படி முழங்கால், கணுக்கால், பாதத்துக்கு ஒரு வேளைக்கு 4 கிராம். மணிக்கட்டு, முழங்கை, கை விரல்களுக்கு 2 கிராம். நம் வீட்டில் அந்த அட்டை இருக்காது, ஆனால் பிள்ளைகளின் அடிக்கோல் இருக்கும். டியூபிலிருந்து நான்கரை அங்குல நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய 4 கிராம், இரண்டேகால் அங்குலம் என்றால் 2 கிராம். ஒரு முறை இப்படி அளந்து பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும். உங்கள் டியூபோடு வந்த தாள் வேறு அளவு சொன்னால் தாள் சொல்வதையே கேளுங்கள்.

4. கழுவித் துடைத்த, ஈரமில்லாத தோலில் மெதுவாகப் பரப்புங்கள். முழங்கால் என்றால் முன்பக்கம், இரு பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூட்டைச் சுற்றிலும் பூச வேண்டும். அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. மருந்து தானாக உள்ளே இறங்கும், அதற்கு நம் கைபலம் வேண்டாம். உடுப்புப் போட 10 நிமிடமும், குளிக்க ஒரு மணி நேரமும் பொறுங்கள்.

5. பூசிய கையை உடனே குழாயில் கழுவாதீர்கள். முதலில் டிஸ்யூவில் துடைத்து, அந்த டிஸ்யூவைக் குப்பையில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கழிவுநீர் சுத்திகரிப்பில் டைக்ளோஃபெனாக் முழுதாக நீங்குவதில்லை, ஆற்றுக்குப் போய்விடுகிறது. கை விரலுக்கே பூசியிருந்தால் ஒரு மணி நேரம் கழுவக் கூடாது. அந்த நேரத்தில் கண்ணைத் தொடாதீர்கள். மாவு பிசையாதீர்கள், பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டாதீர்கள்.

6. பூசிய இடத்தின் மேல் பிளாஸ்டிக் உறை சுற்றுவதும், சுடுதண்ணீர்ப் பை வைப்பதும் கூடாது. இரண்டுமே மருந்தை அளவுக்கு மேல் உடம்புக்குள் தள்ளும். காற்றோட்டமான துணிக்கட்டு வேண்டுமானால் ஜெல் காய்ந்த பிறகு கட்டுங்கள்.

சுடுதண்ணீர்ப் பை என்றதும் எங்கள் ஊர் சுங்கை பூலோ நினைவுக்கு வருகிறது. 1930இல் இங்கே தொழுநோயாளர் குடியிருப்பு தொடங்கிய காலத்திலிருந்து அங்கு வாழ்ந்தவர்களுக்கு இருந்த பெரிய ஆபத்துகளில் ஒன்று, உணர்ச்சி அற்ற கைகால்கள். சூடு பட்டாலும் தெரியாது, காயம் ஆனாலும் தெரியாது. இன்று அதே மரத்துப்போன பாதம் நீரிழிவால் நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். பாதம் மரத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு ஜெல் பூசினால், தோல் சிவந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது உங்கள் கண்தான். எரிகிறது என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், அவர்களுக்குத் தெரியாது.

7. ஜெல் பூசிய இடத்தில் தைலம், பாம், கோயோக் எதுவும் வேண்டாம். ஒரே இடத்துக்கு ஒரே மருந்து. தைலம் பாவமறியாதது என்றும் நினைக்காதீர்கள். பல தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்குச் சொந்தக்காரன். இதய வால்வு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதைத் தாராளமாகத் தேய்த்து, ரத்தம் அளவுக்கு மீறி இளகிப்போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வார்ஃபரின் சாப்பிடுகிறவர் தைலமானாலும் ஜெல்லானாலும் கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

8. வெயில். அம்மாவுக்கு முழங்கையில் வலி. வேலையிடத்தில் யாரோ கொடுத்த டியூபைப் பூசிக்கொண்டு மறுநாள் நர்சரிக்குப் போனார். மாலையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்து, மூன்றாம் நாள் கொப்புளம் வெடித்தது. ஜெல் எதுவரை பட்டதோ அதுவரை கோடு போட்ட மாதிரி இருந்தது. சட்டைக்கை மறைத்த மேல்பகுதியில் ஒன்றுமே இல்லை. டியூபைத் திருப்பிப் பார்த்தால் கீட்டோபுரோஃபன் 2.5 விழுக்காடு.

இந்த மருந்து தோலில் இருக்கும்போது சூரியனின் புற ஊதாக்கதிர் பட்டால் சிலருக்கு இப்படி ஆகும். ஐரோப்பிய மருந்து முகமை 2010இல் இதை ஆராய்ந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்றது. பூசும் நாள்களிலும் நிறுத்திய பின் இரண்டு வாரமும் அந்த இடத்தை வெயில் படாமல் மறைக்கவும் சொன்னது. மேகமூட்டமாக இருந்தாலும் மறைக்க வேண்டும். கண்ணாடி வழியாகவும் அந்தக் கதிர் வரும். லோரி ஓட்டுகிறவரின் வலது கையை நினைத்துக்கொள்ளுங்கள். சன் கிரீம் பூசிச் சமாளிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். சில கிரீம்களில் உள்ள ஆக்டோகிரிலீன் கீட்டோபுரோஃபனோடு சேர்ந்து ஒவ்வாமையைக் கூட்டும். நீளக்கைச் சட்டைதான் சரி. தோட்டத்திலும் கட்டட வேலையிலும் சாலையிலும் நிற்பவர்கள் பார்மசியில் "நான் வெயிலில் வேலை செய்கிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள்.

9. பொன்ஸ்தான், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் மாத்திரை சாப்பிடும் நாளில் ஜெல்லையும் சேர்த்துப் பூசாதீர்கள், மருத்துவர் சொன்னாலொழிய. டைக்ளோஃபெனாக் ஜெல்லிலிருந்து ரத்தத்துக்குப் போவது மாத்திரையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 6 விழுக்காடுதான். அதனால்தான் வயதானவர்களின் முழங்கால் வலிக்கு மாத்திரைக்கு முன் ஜெல்லைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் இரண்டு முழங்கால், தோள், மணிக்கட்டு என்று உடம்பெல்லாம் வாரக்கணக்கில் பூசினால் அந்தக் குறைவு குறைவாக இராது. சிறுநீரகக் கோளாறு, குடல் புண், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் முதல் டியூப் வாங்கும்போதே மருத்துவரிடம் கேளுங்கள். பனடோல் இந்த வகை மருந்து இல்லை, ஜெல்லோடு சேர்க்கக் கூடாது என்பது அதற்குப் பொருந்தாது.

10. ஆஸ்பிரின் சாப்பிட்டு இளைப்போ தடிப்போ வந்த அனுபவம் இருந்தால் இந்த ஜெல்கள் வேண்டவே வேண்டாம்.

11. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் பூசக் கூடாது. கடைசி மூன்று மாதத்தில் அறவே கூடாது. பால் கொடுக்கும் தாய் மார்பில் பூசக் கூடாது.

12. பிள்ளைகளுக்கான வயது வரம்பு மருந்துக்கு மருந்து மாறும். கால்பந்து ஆடி விழுந்து வந்த பையனுக்கு அப்பாவின் டியூபை எடுத்துப் பூசாதீர்கள்.

13. காயம், சிராய்ப்பு, வெடிப்பு, படை உள்ள தோலில் பூசக் கூடாது. தைப்பூசத்துக்கு நடந்து போய், பத்துமலையின் 272 படியும் ஏறி இறங்கி வந்த காலில் கொப்புளம் உடைந்திருக்கும். பாதத்தை விட்டுவிட்டு, தோல் நன்றாக இருக்கும் கெண்டைக்கால், முழங்கால் பக்கம் மட்டும் பூசுங்கள். அலகு குத்திய இடத்தின் அருகில் வேண்டாம்.

14. பல ஜெல்களில் ஆல்கஹாலும் பாரஃபினும் இருக்கின்றன. பூசியவுடன் அடுப்புப் பக்கமோ சாமி விளக்குப் பக்கமோ போகாதீர்கள். பாரஃபின் ஊறிய துணி சட்டென்று பற்றிக்கொள்ளும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. பாட்டியின் கைலி, போர்வை, தலையணை உறையைக் கவனியுங்கள்.

15. பூனை, நாய் உள்ள வீட்டில் பூசிய இடத்தை அவை நக்க விடாதீர்கள். 2015இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டது. வீட்டுக்காரர்கள் தங்களுக்குப் பூசிக்கொண்ட ஃபுளூர்பிபுரோஃபன் களிம்பால் மூன்று பூனைகள் செத்திருந்தன. பிராணிக்கு வலி என்று நம் ஜெல்லை நாமே எடுத்துப் பூசுவது அதைவிட மோசம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியாவில் அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பவற்றை இன்றும் பாடுபட்டுக் காப்பாற்றுகிறார்கள்.

16. எத்தனை நாள் பூசுவது? சுளுக்கு, தசைப்பிடிப்பு என்றால் ஒரு வாரத்தில் நன்றாகத் தெரியும். மூட்டுத் தேய்மானத்துக்குப் பலன் தெரியவே ஒரு வாரம் ஆகலாம். மருத்துவர் சொல்லாமல் சுளுக்குக்கு இரண்டு வாரம், மூட்டுவலிக்கு மூன்று வாரம் என்பதைத் தாண்டாதீர்கள். எதிர்பார்ப்பும் அளவாக இருக்கட்டும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நாள்பட்ட மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் பூசிய 10 பேரில் 6 பேருக்கு வலி நன்கு குறைந்தது. மருந்தே இல்லாத ஜெல் பூசியவர்களிலும் 10க்கு 5 பேர் குறைந்தது என்றார்கள். முழங்காலும் கை விரல்களும் தோலுக்கு அருகில் இருப்பதால் மருந்து போய்ச் சேரும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருக்கிறது, அதற்கு டியூப் டியூபாக வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

17. டியூபைப் பற்பசைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காருக்குள்ளும் வேண்டாம், 30 பாகை வெப்பத்துக்குக் கீழே இருக்க வேண்டிய பொருள் அது. திறந்த தேதியைப் பேனாவால் டியூபின் வாலில் எழுதுங்கள். மிச்சத்தையும் காலாவதியானதையும் அரசு மருத்துவமனை பார்மசியில் திருப்பிக் கொடுக்கலாம். பிள்ளை வாயில் வைத்துவிட்டால் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு, பினாங்கிலுள்ள தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 எண்ணில் கூப்பிடுங்கள்.

18. ஜெல்லைத் தொடவே கூடாத வலிகள் உண்டு. மூட்டு சிவந்து, காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மருத்துவமனை. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ரத்தம் கட்டியிருக்கலாம். தேய்க்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. இடது தோள், நெஞ்சு, தாடை, முதுகின் நடுப்பகுதி இங்கெல்லாம் அழுத்தம் மாதிரி வலி வந்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் நம் வீடுகளில் வாயுப் பிடிப்பு என்று சொல்லித் தேய்க்க உட்கார்ந்துவிடுகிறோம். "காலையில பாத்துக்கலாம்" என்று படுக்கப் போகிறோம். அது மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த வலி லேசாகவும் வரலாம். டியூபைக் கீழே வைத்துவிட்டு 999ஐக் கூப்பிடுங்கள்.