தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லையா?

குடும்ப வரலாறு தேடுபவர்கள், பழைய பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் பெயர் இல்லை என்றதும் திரும்பிவிட வேண்டாம். பல நேரம் பதிவு இருக்கும், நாம் தேடும் இடத்தில் இருக்காது.

1. பெயரை விடுங்கள், தேதி, பெற்றோர் பெயரை வைத்துத் தேடுங்கள். பெயர் சூட்டும் முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதால் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கலாம்.

2. தலைப்பிரசவமா? கொள்ளுப்பாட்டியின் தாய்வீட்டு ஊரில் முதலில் பாருங்கள். சம்பவம் எங்கு நடந்ததோ அங்குதான் பதிவு. சொந்த ஊரில் அல்ல. இறப்பும் அப்படியே. வெளியூர் ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு அந்த ஊரில்தான் பதிவு இருக்கும். வீண் அலைச்சலைப் பெரிதும் மிச்சப்படுத்துவது இந்த ஒரு குறிப்புதான்.

3. பள்ளிச் சான்றிதழில் உள்ள ஆண்டோடு நிற்காதீர்கள். முன்னும் பின்னும் சில ஆண்டுகள் பாருங்கள். பள்ளியில் சேர்க்க வயதை மாற்றிச் சொன்ன குடும்பங்கள் ஏராளம்.

4. கணினியில் எழுத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள்: சண்முகம், ஷண்முகம், சம்முகம். பழைய கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ததில் பிழை நேர்ந்திருக்கலாம்.

5. அப்போதும் இல்லையா? மூலப் பதிவேட்டில் தேடித் தரும்படி பதிவாளரிடம் மனு கொடுங்கள். கட்டணம் செலுத்தி யாரும் கேட்கலாம். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது.

6. ஓரக் குறிப்பைத் தவறாமல் படியுங்கள். திருத்தங்கள் மூல வரியை அழிக்காமல் ஓரத்தில்தான் எழுதப்படும்.

7. நகலெடுக்கும்போது பிழையையும் உள்ளபடியே எழுதுங்கள். அடுத்துத் தேடுபவருக்கு அந்தப் பிழையான எழுத்தே அடையாளம்.