விரல்நுனி எண்ணும் ஆய்வகச் சான்றும்

நீரிழிவு என்னும் தமிழ்ப்பெயர் அந்நோயின் புற அடையாளத்தைக் கொண்டு அமைந்தது: உடலிலிருந்து நீர் மிகுதியாகக் கழிகிறது. மதுமேகம் என்னும் வடமொழிப் பெயரோ, கழியும் அந்நீரின் இனிப்பைச் சுட்டுகிறது. இரண்டையும் இணைத்தால் நோயின் செயல்முறையே விளங்கிவிடும். இரத்தத்தில் உள்ள சர்க்கரை, டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் என்னும் அளவைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் அதனை முழுவதும் மீட்டெடுக்க இயலுவதில்லை. எஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்குகிறது; இறங்கும்போது நீரையும் உடன் இழுத்துச் செல்கிறது. அதனால் அடிக்கடி சிறுநீர், அதனால் தாகம், அதனால் இரவில் உறக்கம் கெடுதல்.

இங்கே ஒரு செய்தியை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நீரிழிவு என்று முடிவு செய்வதற்குரிய வெறும் வயிற்று அளவு 126. தாகத்தையும் சிறுநீரையும் தூண்டும் அளவோ 180-ஐ ஒட்டியது. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஒருவர் பல ஆண்டுகள் எவ்வித உபாதையும் இன்றி வாழ்ந்துவிட முடியும். கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் கால் நரம்புகளும் அந்த அமைதியான காலத்திலேயே பழுதுபடத் தொடங்கலாம். ஆகவே அறிகுறி தோன்றிவிட்டது என்றால் அது தொடக்கம் அன்று. தாமதமாக வந்து சேர்ந்த அறிவிப்பு.

அறிகுறிகளும் தம்மைத் தெளிவாக அறிவித்துக்கொள்வதில்லை. தாகத்தைக் கோடையின் மீதும், சோர்வை வேலைப்பளுவின் மீதும், மங்கும் பார்வையைப் பழைய மூக்குக்கண்ணாடியின் மீதும் சுமத்திவிடுகிறோம். உடல் மெலிந்தால் மகிழ்பவர்களும் உண்டு. ஆறாத புண், பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப வரும் அரிப்பு, பாதத்தில் எரிச்சல் ஆகியவற்றை வெளியில் சொல்லவே தயங்குகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான இன்டியாப் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்னிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பெரிய தொகையில் நம் வீட்டார் எவரும் இல்லை என்று கொள்வது சற்றே துணிச்சலான அனுமானம்.

ஐயம் எழுந்தவுடன் இன்று பலரும் நாடுவது குளுக்கோமீட்டரை. மருந்துக்கடையில் எளிதில் கிடைக்கிறது. வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தால் பெரும்பாலும் அலமாரியிலேயே இருக்கிறது. அது பயனுள்ள கருவி. அதனை இகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் அது எதற்காக அமைக்கப்பட்டது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நோய் உறுதியானவர் தம் அன்றாட ஏற்றத்தாழ்வைக் கண்காணிப்பதற்காக ஆக்கப்பட்டது அது. பன்னாட்டுத் தர அமைப்பு 2013-இல் வகுத்த விதியின்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை, ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் விலகியிருந்தால் போதும். கருவி தேர்ச்சி பெற்றுவிடும். அதாவது உண்மையான அளவு 126 ஆக இருக்கையில் திரையில் 107 என்றும் காட்டலாம், 145 என்றும் காட்டலாம். முன்னது வீண் ஆறுதல். பின்னது வீண் கலக்கம். இரண்டும் விதிக்குட்பட்டவையே.

கருவியின் பிழை போதாதென்று கையாளும் பிழைகளும் சேர்ந்துகொள்கின்றன. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் விரலில் குத்தினால், பழத்தின் சர்க்கரையும் சேர்ந்தே எண்ணாகிவிடும். பட்டைகள் இருக்கும் குப்பியை மூடாமல் சமையலறையில் வைத்தால் ஈரம் ஏறி அவை கெடும். காலாவதியான பட்டைகளை வீணாக்க மனமின்றிப் பயன்படுத்துவோர் பலர். வேறொருவர் பயன்படுத்திய ஊசியைப் பயன்படுத்துதல் கூடவே கூடாது. அது அளவைப் பற்றிய செய்தியன்று, தொற்றைப் பற்றியது. காய்ச்சலிலும், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்ளும் நாட்களிலும் சர்க்கரை தற்காலிகமாக உயரும் என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது.

இனி, மருத்துவம் எதனைச் சான்றாக ஏற்கிறது என்று பார்ப்போம். நாளத்திலிருந்து எடுத்த இரத்தத்தை ஆய்வகத்தில் சோதித்து, எட்டு மணி நேரம் உண்ணாத நிலையில் 126 அல்லது அதற்கு மேல் இருத்தல், 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல் இருத்தல், எச்.பி.ஏ.1சி எனப்படும் சோதனை 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் காட்டுதல். தெளிவான அறிகுறிகள் இல்லாதவரிடத்தில் இவற்றுள் ஒன்று ஒருமுறை வந்தால் போதாது; மறுசோதனையோ, மற்றொரு சோதனையின் உடன்பாடோ வேண்டும். கடும் தாகமும் எடைக்குறைவும் வெளிப்படையாக இருப்பவருக்கு எந்நேரத்தில் எடுத்த ஆய்வக அளவும் 200-ஐ எட்டினாலே போதுமானது.

இவற்றை எங்கள் துறையின் சொற்களில் சொல்வதானால், வெறும் வயிற்று அளவு நாளின் தொடக்க இருப்பு, எச்.பி.ஏ.1சி என்பது ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி இருப்பு. தொடக்க இருப்பு ஒழுங்காகவே இருக்கும் கணக்குகளில் நாளின் நடுவே எத்தகைய கொந்தளிப்பு நிகழ்கிறது என்பதை வங்கியாளர் அறிவார். அந்தக் கொந்தளிப்பைக் காட்டுவது குளுக்கோஸ் குடித்துச் செய்யும் இரண்டாவது சோதனை. காலத்தையும் பொறுமையையும் கேட்பதால் இது நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு மட்டுமே உரியது போல் ஒதுக்கப்பட்டுவிட்டது. இட்லி உண்டபின் எடுக்கும் வழக்கமான இரண்டாம் அளவு இதற்கு ஈடாகாது. ஒருவர் இரண்டு இட்லி உண்பார், மற்றொருவர் ஆறு உண்பார்.

சராசரிக்கும் ஒரு குறை உண்டு. எச்.பி.ஏ.1சி சர்க்கரையை நேரடியாக அளப்பதன்று. சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. அணுக்களின் ஆயுள் மாறினால் கணக்கும் மாறும். இரும்புச்சத்துக் குறைவு அதனைப் பொய்யாக உயர்த்தலாம். அணுக்கள் விரைவில் அழியும் நோய்களும் அண்மையில் இரத்தம் ஏற்றியதும் பொய்யாகத் தாழ்த்தலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்த நாடு இது. ஆகவே பெண்கள் இச்சோதனையுடன் ஹீமோகுளோபின் அளவையும் மருத்துவரிடம் காட்டுவது முறை.

நாம் நாக்பூரில் பணியாற்றியபோது, வாகன உதிரிபாகக் கடை நடத்திய வாடிக்கையாளர் ஒருவர் மாதந்தோறும் இருப்புப் பட்டியல் அளிக்க வருவார். வயது 46. அவ்வூர்க் கோடையின் தாகம் என்று அவர் கருதியது மழைக்காலத்திலும் நீங்கவில்லை. இரவில் மூன்று முறை எழுந்தார். மாமனாரின் கருவியை வாங்கி, வங்கி வழங்கிய நாட்குறிப்பின் பின்பக்கத்தில் பன்னிரண்டு அளவுகளை எழுதியிருந்தார். வெறும் வயிற்றில் 112 முதல் 133 வரை. உண்டபின் 168 முதல் 221 வரை. ஒவ்வொன்றின் அருகிலும் நேரமும் உண்ட உணவும் இருந்தன. கணக்கு எழுதிப் பழகிய கை! ஆய்வகத்தில் வெறும் வயிற்று அளவு 119, எச்.பி.ஏ.1சி 6.2. இரண்டும் எல்லைக்குள் நின்றன. ஆய்வக ஊழியர் கவலை வேண்டாம் என்றார். அவரும் நிம்மதியாகத் திரும்பியிருப்பார்.

அவர் பார்த்த மருத்துவர் அந்த நாட்குறிப்பைக் கேட்டு வாங்கினார். உண்டபின் எடுத்த எண்கள் திரும்பத் திரும்ப 200-ஐத் தொடுவதைக் கண்டார். விதர்பப் பகுதியில் அரிவாளணு மரபு பரவலாக இருப்பதால் எச்.பி.ஏ.1சி எண்ணை மட்டும் நம்பலாகாது என்றும் கருதினார். குளுக்கோஸ் சோதனை எழுதிக் கொடுத்தார். இரண்டு மணி நேர அளவு 214. தாகத்துக்கு வெயிலும் காரணமாகலாம் என்பதால் வேறொரு நாளில் மீண்டும் செய்யச் சொன்னார், 209. நோய் உறுதியாயிற்று. வீட்டுக் கருவியின் எண்கள் இங்கே தீர்ப்பாகவில்லை. எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்னும் வழியைக் காட்டின. அவற்றுக்கு உரிய இடம் அதுவே என்பது நம் கருத்து.

மருத்துவரிடம் செல்வோர் இத்தகைய குறிப்பை உடன் கொண்டு செல்லலாம்: அறிகுறி தொடங்கிய மாதம், எடை மாற்றம், உட்கொள்ளும் மருந்துகள், பெற்றோருக்கு நோய் உண்டா என்பது. சோதனைக்கு முந்தைய வாரத்தில் சோற்றையும் இனிப்பையும் விலக்கி எண்ணைத் திருத்த முயல்வோர் உளர். ஆண்டிறுதிக்கு முந்தைய நாள் கணக்கில் பணம் போட்டு மறுநாள் எடுப்பதை நாங்கள் நன்கு அறிவோம். அது எவரையும் செல்வராக்கியதில்லை. குளுக்கோஸ் சோதனைக்கு முன் மூன்று நாட்கள் வழக்கமான உணவை உண்பதே விதி. பட்டினி கிடந்தால் முடிவு பிறழும். ஆய்வகத்தில், குளுக்கோஸுக்கான இரத்தத்தைச் சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் எடுக்கிறார்களா என்று கவனிக்கலாம். சாதாரணக் குழாயில் வைத்துவிட்டால், இரத்த அணுக்களே சர்க்கரையை மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை உண்டு தீர்க்கும். தொலைவில் உள்ள மையத்துக்கு மாலையில் வண்டி ஏறும் மாதிரிக்கு இது சிறிய குறையன்று.

சோதனைகள் யாவும் இயல்பாகவே அமைந்தால் தேடலை அங்கே நிறுத்திவிடவும் கூடாது. இரவுச் சிறுநீருக்குப் புராஸ்டேட் வீக்கமும், இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் சில மாத்திரைகளும், சோர்வுக்குத் தைராய்டும் இரத்தசோகையும் காரணமாகலாம். மாறாக, தாகத்துடன் வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து இழுக்கும் மூச்சு, மயக்கநிலை ஆகியவை சேர்ந்தால் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருத்தல் ஆகாது. அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். விரைவாக மெலியும் குழந்தை, நின்றுபோன படுக்கை நனைத்தலை மீண்டும் தொடங்கினால், அதுவும் அவ்வகையே.

இத்தனையும் அறிந்தும் ஆய்வகத்தின் வாயிலை மிதிக்காதவர்களை நாம் கிளைகளில் காண்கிறோம். அவர்கள் ஊசிக்கு அஞ்சவில்லை, எழுத்துக்கு அஞ்சுகிறார்கள். வீட்டில் பார்த்தால் அது வெறும் எண், மருத்துவர் எழுதிவிட்டால் நோய், காப்பீடு கிடைக்காது, கிடைத்தாலும் கட்டணம் ஏறும். வீட்டுக்கடனுக்கான ஆயுள் காப்பீட்டுப் படிவம் முன்னே இருக்கும்போது இவ்வச்சம் நன்றாகவே வெளிப்படும். இதனை நகைத்து ஒதுக்குவது நேர்மையன்று. கட்டணம் ஏறுவது உண்மை. சில வேளைகளில் மறுப்பும் உண்மை.

ஆயினும் கணக்கை முழுவதும் போட்டுப் பார்க்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிகளின்படி, மருத்துவக் காப்பீட்டில் முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு 36 மாதங்களுக்கு மேற்படலாகாது. நோயை அறிவித்துப் பாலிசி எடுத்தவருக்கு அக்காலம் முதல் நாளிலிருந்தே கழியத் தொடங்குகிறது. மறைத்தவருக்கு என்ன நேரும்? முன்பே உள்ள நோய் என்பது மருத்துவர் கண்டறிந்ததோ, அவர் ஆலோசனை கூறியதோதான் என்று விதி சொல்கிறது. ஆகவே மருத்துவரைப் பார்க்காமலிருந்தால் தப்பிக்கலாம் என்று சிலர் வாதிடுவர். ஆனால் முன்மொழிவுப் படிவங்கள் அறிகுறிகளையும் செய்துகொண்ட சோதனைகளையும் பற்றி வினவுவதுண்டு. மருத்துவமனையில் சேரும் நாளில், பணி மருத்துவர் முதலில் கேட்பதும் எத்தனை மாதமாகத் தாகம் என்பதையே. நோயாளி உண்மையைச் சொல்வார். அது நோய்க்குறிப்பில் ஏறும். அக்குறிப்பின் நகல் உரிமைக்கோரிக்கையுடன் காப்பீட்டு நிறுவனத்துக்குச் செல்லும்.

ஐந்து ஆண்டுகள் இடையறாது கட்டணம் செலுத்திய மருத்துவப் பாலிசியை, மோசடி நிறுவப்பட்டாலன்றி, மறைத்தமையைக் காட்டி மறுக்க இயலாது. ஆயுள் பாலிசிக்கு 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு மூன்று ஆண்டு எல்லை வகுக்கிறது. இவற்றைக் கேட்டுவிட்டு, அந்த ஆண்டுகளைக் கடத்திவிட்டால் போதும் என்று கணக்கிடுபவர்கள், சிகிச்சையின்றிக் கடந்த ஆண்டுகளின் விலையைக் கண்ணிலும் சிறுநீரகத்திலும் செலுத்துகிறார்கள். நடுவில் இறப்பு நேர்ந்தால் கடனும் வீடும் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. மேலும் ஒன்று: படிவத்தை முகவரோ வேறு எவரோ நிரப்பி எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று குறித்திருந்தாலும், கீழே உள்ள கையொப்பம் நம்முடையது. படித்துப் பார்த்து, திருத்தி, ஒரு நகலைக் கேட்டுப் பெற வேண்டும். பணியிடக் குழுக் காப்பீடு உள்ளவர்கள் அதன் விதிகளையும் பார்க்கலாம். பலவற்றில் முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்பே இல்லை.

செலவைப் பற்றிய தயக்கத்துக்கு விடை எளிது. 30 வயதைக் கடந்த எவரும் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப் பெயர் மாற்றப்பட்ட அரசு நலவாழ்வு மையங்களில் கட்டணமின்றி முதற்கட்டச் சோதனை செய்துகொள்ளலாம். அங்கும் விரல்நுனி இரத்தமே எடுக்கப்படும். அளவு மிகுந்தால் உறுதிச் சோதனைக்கு மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்புவர். தனியார் ஆய்வகத்தை நாடுவோரில் பழைய வருமானவரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு, 80டி பிரிவு என்று நாம் அறிந்த சலுகையில், நோய்த்தடுப்புச் சோதனைக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை, மொத்த வரம்புக்கு உட்பட்டு, கழிவு உண்டு. காப்பீட்டுக் கட்டணத்தை ரொக்கமாகச் செலுத்தினால் இக்கழிவு இல்லை. சோதனைக் கட்டணத்தை ரொக்கமாகவும் செலுத்தலாம். இரசீதைப் பெயருடன் கேட்டு வாங்கி, முடிவு அறிக்கையுடன் ஒரே உறையில் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு மருத்துவரும் அதனைக் கேட்பார்.