ஆமை நடைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலோரமாக ஏழு கிலோமீட்டர் இருக்கும். முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகளைத் தேடி, இரவில் அந்த மணலில் நடப்பதைத்தான் சென்னையில் ‘ஆமை நடை’ என்கிறார்கள். 1970களில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் தொடங்கியது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு நடத்திவருகிறது.

பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் முதலில் ஒன்று: ஆமையைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நான் முதல்முறை கொடுத்தேன். விடிய விடிய நடந்தும் ஒரு தடம்கூடக் கண்ணில் படவில்லை. “ஏமாத்திட்டீங்க சார்” என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அடுத்த ஆண்டு ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். எங்கே புறப்பட்டோம், எத்தனை மணிக்கு எந்த இடம், என்ன கிடைத்தது என்று எழுத வேண்டும். ஒன்றும் கிடைக்காத இடத்தில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும், அதுவும் கணக்குதான். அந்த ஆண்டு யாரும் முகம் சுளிக்கவில்லை.

எப்போது போவது? ஆமை முட்டையிடுவதைத் தேடிப் போக தை, மாசி. குஞ்சு பார்க்க பங்குனி, சித்திரை. தனியாகக் கிளம்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமை முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் முட்டையைத் தோண்டினால் நல்ல எண்ணம் துணைக்கு வராது. வனத்துறை அனுமதி பெற்ற குழுவோடு மட்டும் போங்கள். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் இரவு நடை வேண்டாம், மாலையில் குஞ்சு விடும்போது கூட்டிப்போனால் போதும். மற்றவர்களை அன்று மதியம் கட்டாயம் தூங்க வையுங்கள்.

அடர்நிறச் சட்டை, கண்ணாடித் துண்டுக்கும் தூண்டில் முள்ளுக்கும் பயந்து மூடிய செருப்பு, தண்ணீர், கொஞ்சம் முறுக்கு. டார்ச் குழுத் தலைவரிடம் மட்டும். செல்போனைப் பையில் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். வெளிச்சம் பட்டால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். பத்து நிமிடம் இருட்டில் நின்றால் கண் பழகிவிடும், மணல் தானாகத் தெரியும்.

தடத்தை வாசிப்பதுதான் நடையின் ருசி. பங்குனி ஆமை இடதும் வலதுமாகத் துடுப்பை மாற்றி மாற்றி ஊன்றி நகரும். தடம் ஏறக்குறைய இரண்டேகால் அடி அகலம். மணல் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் ஆமை போயிருக்கிறது. இதைச் சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேரும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அதற்குள் குச்சியால் குத்திப் பார்த்து முட்டைக்குழியைத் தேடுவது பழகிய கை செய்கிற வேலை. குச்சி தவறிக் குத்தினால் முட்டை உடையும்.

முட்டை நூறு, நூற்றிருபது இருக்கும், பிங்பாங் பந்து அளவு. எண்ணுகிற வேலையைப் பிள்ளைகளிடம் விடலாம். ஆனால் உருட்டக் கூடாது. முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு மேலோட்டில் ஒட்டத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு புரண்டால் போயிற்று. எடுத்த முட்டைகளை, பாதுகாப்பாகப் புதைத்து வைக்கும் பொரிப்பகத்தில் விடியுமுன் சேர்க்க அவசரப்படுவது அதனால்தான். அங்கே ஒன்றரை அடி ஆழத்துக்கு, குடம்போலக் கழுத்து குறுகி வயிறு அகன்ற குழி தோண்ட வேண்டும். மெல்லிய கை உள்ள பிள்ளைகள் இதில் பெரியவர்களை மிஞ்சிவிடுவார்கள். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு என்பதை அந்த நேரத்தில் சொல்லுங்கள். தோண்டுகிற கை ஒரு நொடி நிற்கும்.

வழியில் செத்த ஆமையும் கிடக்கும், முன்பே சொல்லி வையுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கும் நுரையீரல்தான். இழுவலையில் சிக்கி மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டாமல் அதையும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். “மீனவங்கதான் கொல்றாங்க” என்று யாராவது சொல்வார்கள். வாக்குவாதம் வேண்டாம். விடிந்ததும் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணன் ஒருவரிடம் உட்கார வையுங்கள். கரையை ஒட்டிச் சின்னப் படகில் போகிறவருக்கும் விசைப்படகு இழுவலைக்கும் உள்ள வித்தியாசத்தை அவரே சொல்வார்.

சுமார் ஐம்பது நாளில் குஞ்சு வெளிவரும். கையில் ஏந்திப் படம் எடுப்பதோ, தண்ணீரில் கொண்டுபோய் விடுவதோ கூடாது. மணலில் அதுவே நடந்து போகட்டும். தெருவிளக்கைக் கடலின் வெளிச்சம் என்று நினைத்து ஊர்ப்பக்கம் திரும்பினால் மட்டும் பொரிப்பகத்துக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளைக் குஞ்சுகளுக்குப் பின்னால் நிறுத்துங்கள். முன்னால் நின்றால் மிதித்துவிடுவார்கள்.

குஞ்சு போன குழியைத் தோண்டி, வெறும் ஓடு எத்தனை, பொரியாத முட்டை எத்தனை என்று எண்ண வேண்டும். பொரியாத முட்டையின் நாற்றம் லேசில் போகாது. எலுமிச்சையும் சோப்பும் எடுத்துப் போங்கள். ஏமாத்திட்டீங்க என்று சொன்ன பெண்தான் போன ஆண்டு மூன்று குழியை ஒரே மூச்சில் எண்ணி முடித்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.