கடையில்லாக் கைவினை: தப்பும் றபானும்

எமது ஊரின் பெயரிலேயே ஓர் இசைக்கருவி இருக்கிறது. சிங்களத்தில் ‘பெர’ என்றால் மேளம். ‘கல’ என்றால் பாறை. பலாங்கொடைப் பக்கமிருந்து வரும் ஏ4 வீதியும் ஹாலிஎலவுக்குச் செல்லும் ஏ16 வீதியும் சந்திக்கும் பெரகல சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நாம் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. எமது நாட்டின் இசைக்கருவிக் கடைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று எண்ணித் தேடத் தொடங்கியபோதுதான் எனக்கும் இது உறைத்தது. கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, பற்றுச்சீட்டு உண்டு. அதனால் அதற்கு வரலாறும் உண்டு. எமது மலைகளில் ஒலித்த கருவிகளுக்கோ கடையே இருக்கவில்லை.

தோட்டத்துத் தப்பு

19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த தொழிலாளரோடு தப்பும் வந்தது. வளைவாகச் செதுக்கிய மரத்துண்டுகளை வட்டமாகப் பொருத்தி, அதன் ஒரு பக்கத்தில் பதப்படுத்திய கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்து ஓசை மங்கிவிடும். நெருப்பில் காட்டினால் ஈரம் நீங்கித் தோல் இறுகும்; ஓசை கணீரென்று எழும். மூடுபனி இறங்கும் எமது பிரதேசத்தில் நெருப்பில்லாமல் தப்பு இல்லை.

காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் மரண ஊர்வலத்துக்கும் தப்பு வேண்டும். அதிகாலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் தப்புத்தான். அதைப் ‘பிரட்டுத் தப்பு’ என்றார்கள்.

அயல் தோட்டமொன்றில் தப்பைச் சூடு காட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம், “ஐயா, இது எந்தக் கடையில வாங்கினது?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“கடையிலயா? எங்கப்பா செஞ்சது புள்ள. தோலு கிழிஞ்சா நானே மாத்திக்குவேன். எனக்குப் பொறகு மாத்த ஆளில்ல.”

“உங்கட மகன்மார் பழகல்லையா?”

“நான்தான் வேணாம்னுட்டேன். தப்படிக்கிறவன்னு சொல்லி எங்கள ஒதுக்கி வச்சாங்க. அந்தப் பேரு எம் புள்ளைகளுக்கு எதுக்கு?”

அதன் பின் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை. ஒரு கைவினை அழிவதற்குப் புதிய கருவிகள் மட்டும் காரணமல்ல, அதைச் செய்தவருக்கு நாம் கொடுத்த மதிப்பும் காரணம் என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

எங்கள் றபான்

தப்பைப் பார்த்தபோது எனக்கு றபான் நினைவுக்கு வந்தது. அதுவும் மரவளையமும் ஒருபக்கத் தோலும்தான். அதற்கும் சூடு வேண்டும். மலாய் மொழியில் இது ‘ரெபானா’; அரபியில் இதன் உறவுக் கருவி ‘தஃப்’. திருமண வீட்டில் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் சிறுமியர் தஃப் அடித்துப் பாடியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பலாங்கொடைக்கு அருகிலுள்ள கூரகல ஜெய்லானியில் றபீஉல் ஆகிர் மாதக் கந்தூரியின்போது றிபாயிய்யா தரீக்காவின் பாவாமார் றபான் தட்டி பைத் ஓதுவார்கள். றமழானில் தெருத்தெருவாகச் சென்று சஹருக்கு எழுப்பியதும் பாவாமாரின் றபான்தான். சிங்கள வீடுகளிலோ புத்தாண்டுக்குப் பெரிய பங்கு றபானின் கீழ் தணல் வைத்து, பெண்கள் சுற்றியிருந்து அடிப்பார்கள்.

ஒரு மலையில் தொழிலாளரைத் தப்பு எழுப்பியது. ஒரு தெருவில் நோன்பாளிகளை றபான் எழுப்பியது. இன்று இரண்டின் வேலையையும் கைத்தொலைபேசி செய்கிறது.

கடை வந்த கதை

கடைகள் விற்றவை பெரும்பாலும் தூரத்தில் செய்யப்பட்டவை. ஐரோப்பாவில் பிறந்த ஹார்மோனியத்தை 1875இல் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் கையால் துருத்தி இயக்கும் வடிவுக்கு மாற்றினார். இந்திய நாடகக் குழுக்களின் செல்வாக்கில் வளர்ந்த நூர்த்தி நாடகங்களோடு அது இங்கு ‘சேர்ப்பினா’ என்ற பெயரில் பரவியது. கொழும்பில் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபம் அந்நாடகங்களின் பெரிய அரங்காக விளங்கியது. பின்னர் கிற்றாரும் ட்ரம் செட்டும் வந்தன. 1950களில் அமெரிக்காவில் பிளாஸ்டிக் மேளத்தோல் விற்பனைக்கு வந்தது. அதற்கு நெருப்பும் வேண்டாம், தோலின் குணம் அறிந்த கையும் வேண்டாம்.

தமிழ்நாட்டின் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்தவர்களின் ஊர்ப்பெயர் இன்று அந்தக் கருவியோடு சேர்ந்து நிற்கிறது. எங்கள் தப்புக்கும் றபானுக்கும் அவ்வாறான பெயர் இல்லை.

குறியீடு வாங்கித் தர மாணவிகளால் இயலாது. ஆனால் கேட்டு எழுத இயலும். என்ன மரம், என்ன தோல், எத்தனை நாள் காயவைத்தார்கள், யாரிடம் பழகினார்கள் என்று உங்கள் ஊரிலுள்ள ஒருவரிடம் கேளுங்கள். அவர் அனுமதித்தால் அவரது பெயரையும் எழுதுங்கள். அந்த முதியவரிடம் நான் மீண்டும் போகப் போகிறேன். இம்முறை கடையைப் பற்றிக் கேட்க மாட்டேன். அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்பேன்.