தூக்குவதற்கு முன் இறக்குமிடம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கிலாந்தில் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. அக்டோபர் பிறந்ததும் உன் வாசலில் ஒரே வகையான வேலை வரிசைகட்டும். கோடையெல்லாம் துணிக்கூரையை மடித்துவைத்து வெயில் காய்ந்தவர்கள், குளிருக்கு ஹார்ட்டாப் என்ற கழற்றி மாட்டும் கெட்டிக்கூரையை மாட்டிக்கொள்ள வருவார்கள். ஏப்ரலில் அதே ஆட்கள் அதைக் கழற்ற வருவார்கள். எஞ்சின் பிரிக்கிறவனுக்கு இருக்கும் மரியாதை இந்த வேலைக்குக் கிடையாது. புதுப் பையனிடம் தள்ளிவிடுவார்கள், உன்னிடம் தள்ளியிருப்பது போல. அதற்காக வருத்தப்படாதே. இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள். ஹார்ட்டாப் பலமாக இருப்பது காரின் மேல் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான். முன்விளிம்பு, இரண்டு பக்கம், பின்பகுதி என்று பல இடங்களில் கார் அதைத் தாங்குகிறது, பாரம் பிரிந்துபோகிறது. தூக்கி எடுத்த கணத்திலிருந்து அது கண்ணாடி பதித்த வெறும் ஓடு. கீறல், விரிசல், கோணல் எல்லாம் பெரும்பாலும் வருவது காருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில், வேனுக்குள், கராஜ் சுவரோரத்தில். கார் எந்த இடங்களில் அதைத் தாங்கியதோ, இறக்கிய பிறகு நீயும் அந்த இடங்களில்தான் தாங்க வேண்டும். மாட்டுவது, கழற்றுவது, கொண்டுபோவது, எடுத்துவைப்பது எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விதி போதும்.

உன்னிடம் அதிகம் வரப்போவது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான கார் அது. 1997 வரை வந்த முதல் தலைமுறைக்கும், 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக்கும் ஹார்ட்டாப் ஒன்றுக்கொன்று பொருந்தும். உலோகம் இல்லை, கண்ணாடி இழை கலந்து அச்சில் அழுத்திய பிளாஸ்டிக் கூட்டுப்பொருள். எடை 20 கிலோவுக்குச் சற்று மேலே. தனியாளாகத் தூக்கிவிடலாம் என்று தோன்றும். தூக்கவும் முடியும். ஆனால் இறக்க முடியாது. கை இரண்டும் விரிந்திருக்கும், கண் எதிரே கூரை மறைக்கும், பின்மூலை எங்கே போகிறது என்று தெரியாது. டிக்கி மூடியின் பெயின்டில் கோடு விழுவது அப்படித்தான். பக்கத்துக்கு ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும். யார் “தூக்கு” சொல்வது, யார் “இறக்கு” சொல்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஆணையிட்டால் ஒரு மூலை முதலில் இறங்கிவிடும்.

மாட்டுவதற்கு முன் துணிக்கூரையைக் கவனி. அது ஈரமாக இருந்தால் மடிக்காதே. குளிர்காலம் முழுக்க ஹார்ட்டாப்புக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். முதல் தலைமுறைக் காரில் பின் ஜன்னல் பிளாஸ்டிக். ஜிப்பைத் திறந்து, அதைத் தட்டையாகக் கிடத்திய பிறகுதான் கூரையை மடிக்க வேண்டும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும். அவசரப்பட்டு மடித்தால் வெடித்துவிடும். கராஜுக்குள் கொஞ்ச நேரம் விட்டு, இளகிய பிறகு செய். அதே சமயம், சீட்டுகளுக்குப் பின்னால் இருபக்கமும் உள்ள தண்ணீர் வடியும் துளைகளையும் பார்த்துவிடு. இலையும் மண்ணும் அடைத்திருந்தால் மழைநீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச்சட்டத்தில் தேங்கும். இங்கிலாந்து எம்எக்ஸ்-5கள் அந்த இடத்தில் துருப்பிடித்துச் சாவது ஊரறிந்த சங்கதி. வாடிக்கையாளர் கேட்டது கூரை மாட்டத்தான். நீ துளையையும் சுத்தம் செய்து அனுப்பு.

அடுத்தது பக்கவாட்டுத் தட்டுகள். கதவுக்குப் பின்னால், பாடியில் திருகி நிற்கும் சின்ன உலோகத் தட்டுகள் அவை. ஹார்ட்டாப்பின் பக்கப் பிடிகள் இவற்றைத்தான் பற்றும். ஹார்ட்டாப் இல்லாமல் விற்ற கார்களில் இவை பெரும்பாலும் இருக்காது. பழைய ஹார்ட்டாப் ஒன்றை வாங்கிவந்து, “முன்பக்கம் பூட்டிவிட்டது, பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, போதாதா?” என்று கேட்கிறவர்கள் உண்டு. போதாது. வேகத்தில் போகும்போது கூரைக்கு மேலே காற்றழுத்தம் குறைகிறது, உள்ளே அப்படிக் குறைவதில்லை. கூரையை மேலே இழுக்கும் விசை உண்டாகிறது. ஜன்னலைத் திறந்தால் அது இன்னும் கூடும். மோட்டார்வேயில் மணிக்கு 70 மைல் வேகத்துக்குச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த வேகத்தில் கழன்ற கூரை பின்னால் வரும் வண்டியின் முன்கண்ணாடிக்குப் போகும். தட்டு இல்லாத காரை ஹார்ட்டாப்போடு வெளியே விடாதே. முதலாளி சொன்னாலும் விடாதே.

மாட்டும் வரிசை இது. ஹார்ட்டாப்பின் பின்முளைகளை அவற்றுக்குரிய பிடிகளில் உட்காரவை. பிறகு முன்விளிம்பை முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் மெதுவாக இறக்கு. இருபுறமும் இடைவெளி சமமா என்று விலகி நின்று பார். எல்லாம் சரியாக இருந்தால்தான் முன் லாட்ச்சுகளைப் பூட்டு. பக்கப் பிடிகள் கடைசியில். எந்த லாட்ச்சும் முரண்டு பிடித்தால் உள்ளங்கையால் அடித்துப் பூட்டாதே. கூரை அரை விரற்கடை விலகி உட்கார்ந்திருக்கிறது என்று லாட்ச் சொல்கிறது. திறந்து, மறுபடி உட்காரவை. அதற்கும் சரிப்படாவிட்டால் லாட்ச் கொக்கியின் நீளத்தைச் சரிசெய். பலத்தால் பூட்டிய கூரையில் லாட்ச்சைச் சுற்றி விரிசல் விடும். அது தெரியவரும்போது அடுத்த குளிர்காலம் வந்திருக்கும்.

பின்கண்ணாடியில் பனி நீக்கும் கம்பிகள் இருந்தால், அதன் ஒயரை இணைக்க மறக்காதே. கழற்றும்போது அதைவிட முக்கியம்: முதல் வேலையே அந்த ஒயரைப் பிடுங்குவதாக இருக்கட்டும். எல்லா லாட்ச்சும் திறந்தாயிற்று, ஆள் ரெண்டு பேரும் தயார் என்றதும் தூக்கி, ஒயரை அறுத்துக்கொண்டு நிற்பது பட்டறைக்குப் பட்டறை நடக்கிற கூத்து.

மாட்டி முடித்ததும் தண்ணீர் சோதனை. ஒருவர் உள்ளே உட்காரட்டும்; மற்றவர் குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே கொண்டுபோகட்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கதவுக் கண்ணாடியின் மேல்விளிம்பு ரப்பர் பீடிங்கில் சரியாக அழுந்துகிறதா என்று பார். இந்தக் கார்களில் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் இல்லாததால் பாதி ஒழுகலுக்கும் காற்று இரைச்சலுக்கும் காரணம் கூரையாக இருக்காது, கண்ணாடியின் உயரமாக இருக்கும். பீடிங் கிறீச்சிட்டால் சிலிகான் கிரீஸ் தடவு. கையில் கிடைத்த எண்ணெயைப் பூசாதே. பெட்ரோலிய எண்ணெய் பல ரப்பர்களை ஊதவைத்துக் கெடுக்கும்.

எப்போதாவது மெர்சிடிஸ் எஸ்எல் வரும். அங்கே கை இன்னும் நிதானப்பட வேண்டும். 1971 முதல் 1989 வரை வந்த ஆர்107-இன் ஹார்ட்டாப் எஃகு; எம்எக்ஸ்-5 கூரையைத் தூக்கிய பழக்கத்தில் இதில் கை வைத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். அதற்குப் பின் வந்த ஆர்129-க்கு அலுமினியத்தில் செய்தார்கள், 34 கிலோ. அதில் பூட்டுவதை ஹைட்ராலிக் பார்த்துக்கொள்ளும். தூக்குவதை நீங்கள் இரண்டு பேர்தான் பார்க்க வேண்டும். 1963-இல் ஜெனீவாவில் வெளிவந்த 230 எஸ்எல் உன்னிடம் வந்தால் அதிர்ஷ்டசாலி. நடுவில் தாழ்ந்து இருபக்கமும் உயர்ந்த அதன் கூரையால்தான் அதைப் பகோடா என்கிறார்கள். பேலா பாரெனி என்ற பொறியாளரின் யோசனை அந்தக் குழிவு. வடிவம் கொடுத்தவர் பால் பிராக். அழகுக்காக மட்டும் செய்ததல்ல. உயர்ந்த விளிம்புகள் தகட்டுக்கு விறைப்பைத் தருகின்றன, ஏறி இறங்க வாசலும் உயரமாகக் கிடைக்கிறது. தூண்களோ மெல்லியவை. கழற்றிய பிறகு அந்தத் தூண் நுனிகளில் மொத்தப் பாரத்தையும் ஊன்றி நிறுத்தினால் பாரெனியின் கணக்கை நீ கெடுக்கிறாய்.

இனி, கொண்டுபோவது. ஹார்ட்டாப்பை எடுத்துவர மிகச் சிறந்த வண்டி அதே மாடல் கார்தான். தட்டுகளும் பிடிகளும் சரியாக உள்ள எம்எக்ஸ்-5-ஐ ஓட்டிக்கொண்டு போய், அங்கேயே மாட்டி, ஓட்டிக்கொண்டு வந்துவிடு. நிறம் பொருந்தாமல் வழியில் நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அது முடியாதபோது மூடிய வேன். கூரையின் வளைவுக்குக் குறுக்கே ராட்செட் பட்டை போட்டு இறுக்காதே. ராட்செட்டின் இழுவை நீ நினைப்பதைவிடப் பல மடங்கு. பிளாஸ்டிக் ஓடு விரிசல் விடும், அலுமினியம் கோணும். லாட்ச்சும் முளையும் இருக்கும் இடங்களைத் தாங்குகிற மாதிரி மரச்சட்டம் ஒன்று அடித்து, நுரைத்தாள் ஒட்டு. கூரையைச் சட்டத்தில் உட்காரவைத்து, சட்டத்தை வேனோடு கட்டு. பட்டை மரத்தை மட்டும் இழுக்கட்டும். பீடிங்கின் மேலோ கண்ணாடியின் மேலோ பாரம் விழக் கூடாது. டெம்பர் செய்த கண்ணாடி நடுவில் அடி தாங்கும். விளிம்பில் சின்னக் கல் குத்தினாலும் பொடியாகிவிடும். பின்முளைகளுக்குத் துணி சுற்று. கழற்றிய திருகுகளைப் பையில் போட்டு, பெயர் எழுதி, சட்டத்திலேயே கட்டிவிடு. கூரை ஒரு ஊரிலும் திருகு ஒரு ஊரிலுமாகப் போய்ச் சேரக் கூடாது. கம்பளியால் போர்த்து. திறந்த டிரெய்லரில் மட்டும் கவிழ்த்தோ நிமிர்த்தோ ஏற்றாதே. காற்று அடியில் புகுந்தால் அது பாய்மரம்.

போய்ச் சேர்ந்த பிறகு கராஜில் தொங்கவிடுவதாக இருந்தால், கப்பியின் கொக்கியை உத்தரத்து மரத்தில் திருகு. கூரைப்பலகையில் திருகினால் ஒரு நாள் இரவு கொக்கியும் ஹார்ட்டாப்பும் சேர்ந்து காரின் மேலேயே விழும். காற்றாடும் துணி உறை போடு. பாலிதீன் சுற்றி மாதக்கணக்கில் வைத்தால் உள்ளே வேர்த்து பெயின்ட் கொப்பளிக்கும்.

பழைய ஹார்ட்டாப் வாங்கப்போகும் வாடிக்கையாளர் உன்னிடம் யோசனை கேட்பார். நிறத்தைக் கடைசியில் பார்க்கச் சொல். பெயின்ட் மறுபடி அடிக்கலாம். லாட்ச்சைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, பீடிங் காய்ந்திருக்கிறதா, பக்கத் தட்டுகளும் திருகுகளும் கூடவே வருகின்றனவா, பின்கண்ணாடி விளிம்பு முழுசாக இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். விடுபட்ட சின்னச் சாமான்களைத் தேடி வாங்கும் செலவில் மலிவு விலை கரைந்துவிடும். இன்னொன்றும் சொல்லிவிடு: கெட்டியாக இருக்கிறதே என்று கார் கவிழ்ந்தால் காப்பாற்றும் என நம்பக் கூடாது. அது மழைக்கும் குளிருக்குமான கூரை. கவிழ்வதற்கான காப்பு வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள கம்பிச்சட்டம் வேறு.

கடைசியாக, தம்பி, கை வைப்பதற்கு முன் இறக்குமிடத்தைத் தயார் செய். ஸ்டாண்ட் வந்து நிற்க வேண்டும், வழியில் கிடக்கும் டூல் பெட்டியை நகர்த்த வேண்டும், கம்பளி விரிந்திருக்க வேண்டும், ஒயர் பிடுங்கியிருக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு மற்றவரைக் கூப்பிடு. கையில் கூரையோடு “எங்கே வைப்பது?” என்று கேட்கிற பட்டறையில் வாடிக்கையாளர் ஒருமுறைதான் வருவார். உன் பட்டறை அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்