அம்மாவும் வருகிறா: வார இறுதிக்குக் காம்பிங் இடம் பார்ப்பவர்களுக்கு

ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டதும் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் வீடுகள் சுருங்கிப்போகின்றன. மூன்றாம் மாடி, இரண்டு அறை, மேற்குப் பக்க யன்னல், உள்ளே வெக்கை. பிள்ளைகளை மரமும் தண்ணீரும் உள்ள ஓரிடத்துக்குக் கூட்டிப்போனால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் எழும். தமிழ்க்கடையில் வெண்டிக்காய் தெரிந்துகொண்டு நிற்கையில் யாராவது கேட்பார்கள்: "காம்பிங் போறதெண்டா எந்த இடம் நல்லம்?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஆர் ஆர் வருகினம்?"

அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத்தந்தவ என் அம்மா. முதன்முறை நாங்கள் வெளிக்கிட்டபோது அவ வரமாட்டன் என்றா. "கூடாரத்துக்குள்ள படுத்தது எனக்குக் காணும், பிள்ளை." 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தில் போர் நெருங்க, வலிகாமத்திலிருந்து சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தவ. தறப்பாளின் கீழ் மழைக்காலம் கழித்தவ. எங்கள் ஆட்களில் பலருக்கு 'முகாம்' என்ற சொல் விடுமுறையைச் சொல்வதில்லை. அந்தப் பயத்தை மதித்து இடம் பார்த்தால் அவர்களும் வருவார்கள். அம்மா இப்போது வருகிறா. அதற்கு நாங்கள் செய்ததும், செய்து பிழைத்ததும்தான் இங்கே.

செய்ய வேண்டியவை

வருகிறவர்களின் பட்டியலை முதலில் எழுதுங்கள். முழங்கால் நோவு யாருக்கு, இரவில் இரண்டு தரம் எழும்புகிறவர் யார், இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டியவர் யார், நடக்கப் பழகும் குழந்தை உண்டா? அந்தப் பட்டியலில் மிகவும் இயலாதவருக்குச் சரிவரும் இடம் மற்ற எல்லோருக்கும் சரிவரும். எங்கள் வீட்டில் இது கழிப்பறைத் தூரத்தில் வந்து நின்றது. கியூபெக்கின் பூங்காக்களை நடத்தும் செபாக் நிறுவனத்தின் வரைபடங்களில் ஒவ்வொரு சைட்டுக்கும் இலக்கம் உண்டு. குளியலறையும் கழிப்பறையும் உள்ள கட்டடத்துக்கு 'ப்ளொக் சனித்தேர்' என்று பெயர். அதற்கு மிக அருகிலுள்ள சைட்டில் இரவு முழுக்கக் கதவுச் சத்தமும் வெளிச்சமும் இருக்கும். நாலைந்து சைட் தள்ளி எடுத்தால் நித்திரையும் கிடைக்கும், அம்மாவும் டோர்ச் பிடித்துக்கொண்டு தனியே போய்வருவா.

முதல் முறை என்றால் 'ப்ரெ-தா-காம்பே' எடுங்கள். கூடாரம் ஏற்கெனவே அடித்திருக்கும். கட்டில், மெத்தை, அடுப்பு, சட்டிபானை எல்லாம் உள்ளே இருக்கும். விலை கூடத்தான். ஆனால் கூடாரம், மெத்தை, அடுப்பு என்று எல்லாம் புதிதாக வாங்கி, அது பிறகு நிலவறையில் கிடப்பதைவிட இது நல்லது. எங்கள் அம்மாவை மாற்றியது அந்தக் கட்டில்தான். நிலத்திலிருந்து ஓர் அடி உயரம். ஈரம் முதுகில் ஏறாது. நிமிர்ந்து நின்று சேலை உடுக்கலாம். தறப்பாளின் கீழ் அவவுக்குக் கிடைக்காதவை அவைதான்.

வீட்டு வாசலிலிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள். எங்களுக்கு எட்டக்கூடிய இடங்களைத் தெரிந்தவரை சொல்கிறேன்.

ஓக்கா தேசியப் பூங்கா சுமார் 50 கிலோமீற்றர். 640 ஆம் நெடுஞ்சாலையை மேற்கே பிடித்தால் அது முடியும் இடத்திலேயே பூங்கா வாசல். டு-மொந்தாஞ் ஏரி என்பது உண்மையில் ஒட்டாவா ஆறு அகன்று நிற்கும் இடம். நீண்ட மணற்கரை, கால் வைக்க ஆழமில்லாத தண்ணீர். பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பெரிய இடம் என்பதால் சனிக்கிழமைகளில் சந்தைபோல இருக்கும். அமைதி தேடுகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

பூஷெர்வில் தீவுகள் இன்னும் கிட்ட. சென் லோறன்ஸ் ஆற்றின் நடுவே, நகரத்தின் கோபுரங்கள் தெரியும் தூரத்தில் உள்ளன. குரோபுவா தீவில்தான் காம்பிங். கார் உள்ளே போகாது. சாமானைச் சுமந்தோ, சைக்கிளில் கட்டியோ, வள்ளத்திலோ கொண்டுபோக வேண்டும். நீந்தவும் இடமில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சொர்க்கம், அரிசி மூட்டையோடு போகிறவர்களுக்குத் தண்டனை. போகும் வழி லா ஃபொந்தேன் சுரங்கம். அங்கே 2022 முதல் பெரிய திருத்த வேலை நடப்பதால் வெளிக்கிட முன் வீதி நிலவரம் பாருங்கள்.

கிரான்பி பக்கம் யமாஸ்கா பூங்கா, ஏறத்தாழ 90 கிலோமீற்றர். ஷுவானியேர் நீர்த்தேக்கக் கரை, சமதரை, சைக்கிள் பாதை. வெக்கை கூடிய நாட்களில் நீல-பச்சைப் பாசி வந்து நீந்தத் தடை போடுவதுண்டு. அன்று காலை கேட்டுவிட்டுப் பிள்ளைகளை இறக்குங்கள்.

மொன்-ட்ரொம்ப்ளாந் பூங்கா 1895 இல் உருவானது, கியூபெக்கில் எல்லாவற்றுக்கும் மூத்தது. ஏரி, ஆறு, கரடி எல்லாம் உண்டு. ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும், பல இடங்களில் தொலைபேசி வேலை செய்யாது. வழிகாட்டியில் 'மொன்-ட்ரொம்ப்ளாந்' என்று மட்டும் போட்டால் பனிச்சறுக்குக் கிராமத்துக்குத்தான் கூட்டிப்போகும். பூங்கா வேறு, கிராமம் வேறு. லா டியாப்ள் பகுதியா, சென்-டொனாவுக்கு அருகிலுள்ள லா பெம்பினாவா என்று பார்த்துப் பெயரைப் போடுங்கள். இரண்டு இரவு மட்டும் என்றால் இவ்வளவு தூரம் வேண்டாம் என்பது என் எண்ணம். வெள்ளிக்கிழமை பின்னேரம் 15 ஆம் நெடுஞ்சாலை வடக்கே நகராது. கூடாரம் அடிப்பதற்குள் இருட்டிவிடும்.

எந்தத் தேசியப் பூங்கா யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன எல்லாமே பெயரில் தேசியப் பூங்காக்கள், நடத்துவது கியூபெக் மாகாணத்தின் செபாக். கனடா அரசின் பூங்கா அட்டையோ, கோடைகால இலவச அறிவிப்புகளோ இங்கே செல்லாது. அவை செல்லுபடியாகும் மோரிசி பூங்காவுக்கு ஷவினிகன் பக்கம், ஏறத்தாழ 200 கிலோமீற்றர் போக வேண்டும். செபாக்கில் சைட் வாடகை வேறு, ஆளுக்கான நாள் கட்டணம் வேறு. 17 வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு நாள் கட்டணம் இல்லை என்பது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல்.

மாதம் பாருங்கள். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் கறுப்பு ஈ கடிக்கும், பின்னாலேயே நுளம்பு வரும். ஜூலை கடைசி இரண்டு வாரமும் கட்டட வேலைக்காரருக்கு விடுமுறை. கியூபெக்கில் பாதிச் சனம் வீதியில் நிற்கும் காலம் அது. ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு பூச்சி குறைந்து, தண்ணீர் இன்னும் சூடாகவே இருக்கும். நான் அந்த நாட்களைத்தான் தெரிவேன். சனி ஞாயிறை மாதங்களுக்கு முன்னமே பதிய வேண்டும். கிடைக்காவிட்டால் மனம் தளராமல் புதன், வியாழனில் மறுபடி பாருங்கள், யாராவது ரத்துச் செய்திருப்பார்கள். கார் இல்லாதவர்கள் கொமுனோட்டோ பகிர்வுக் காரையும் அதே நாளில் பதிந்துவிடுங்கள். சைட் கிடைத்துக் கார் கிடைக்காமல் போன குடும்பங்கள் உண்டு.

ரொறன்ரோ சொந்தங்களும் சேர்வதென்றால் வழியில் பாருங்கள். கோர்ன்வோலுக்கு மேற்கே லோங் சோ பார்க்வேயில் தீவுக்குத் தீவு பாலம் போட்டு, கரையோரமாகக் காம்பிங் இடங்கள் உண்டு. அந்தத் தீவுகள் முன்பு மேட்டு நிலங்கள். 1958 ஜூலை 1 அன்று சென் லோறன்ஸ் நீர்வழிக்காகவும் மின்சாரத்துக்காகவும் ஆற்றை ஏறவிட்டார்கள். ஊர்கள் மூழ்கின. சுமார் 6,500 பேர் வீடுவாசல் விட்டு எழும்பினார்கள். கரையில் நின்று அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அம்மா வீதி மூழ்கிய பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா.

அதுபோலவே ஓக்காவுக்குப் போகிறவர்கள் பக்கத்திலிருப்பது கானெசத்தாக்கே என்பதை அறிந்து போங்கள். 1990 இல் கோல்ஃப் திடலைப் பெருப்பிப்பதற்காகப் பைன் காட்டையும் மூதாதையர் இடுகாட்டையும் எடுக்கப் பார்த்தபோது மோஹாக் மக்கள் 78 நாள் மறித்து நின்ற இடம். காணிக்காக நின்ற சனத்தை எங்களுக்கு விளங்கும். அவர்களின் வீட்டு வீதிகளில் வேகமாக ஓடாதீர்கள், பைன் காட்டுக்குள் குப்பை போடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

படத்தை மட்டும் நம்பிப் பதியாதீர்கள். நாங்கள் ஒருமுறை தனியார் இடமொன்றை நீச்சல் குளத்தின் படம் பார்த்து எடுத்தோம். போய்ப் பார்த்தால் முக்கால்வாசி நிரந்தரமாக நிறுத்திய கரவன் வீடுகள், முன்னால் மரத்தளம், பூச்சாடி, வேலி. கோடை முழுக்க அங்கேயே இருப்பவர்களின் ஊர் அது. அவர்களில் பிழையில்லை. கூடாரக்காரருக்கு மிஞ்சியது நெடுஞ்சாலைப் பக்கத்துப் பள்ளமான மூலை. இரவு மழை பெய்து, தண்ணீர் மெத்தைக்கு வந்தது. அம்மா காருக்குள் விடியும் வரை இருந்தா, ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பிறகுதான் பதியுமுன் மூன்று கேள்வி கேட்கப் பழகினேன்: கூடாரத்துக்கென்று தனிப் பகுதி உண்டா, தரை மேடா பள்ளமா, பெரிய வீதி எவ்வளவு தூரம்? ஆற்றோரச் சைட்டென்றால் வசந்தகாலத்தில் இன்னும் கவனம். 2017 இலும் 2019 இலும் டு-மொந்தாஞ் ஏரி பெருகி ஊர்களுக்குள் வந்தது.

ஒரு சைட்டில் மூன்று குடும்பத்தை அடைக்காதீர்கள். செபாக்கில் சாதாரண சைட்டுக்கு 6 பேர் என்பதுதான் கணக்கு. பத்துப் பதினைந்து பேர் என்றால் குழுக்களுக்கென்று தனி இடம் உண்டு, அதைக் கேட்டு எடுங்கள். இரவு பத்துக்குப் பிறகு பாட்டும் வேண்டாம், காட்ஸ் விளையாட்டின் கூச்சலும் வேண்டாம். தண்ணீருக்கு மேலால் சத்தம் வெகுதூரம் போகும்.

வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள். இதை எங்கள் ஆட்கள் பலர் அறியாமல் செய்கிறார்கள். ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்லும் ஒரு பச்சை வண்டு 2008 இல் கரிஞானிலும் 2011 இல் மொன்றியலிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அது தானாகப் பறக்கும் தூரம் கொஞ்சம். காரின் பின்பெட்டியில் விறகுக்குள் இருந்து போகும் தூரம்தான் அதிகம். எங்கள் வீதிகளில் நிழல் தந்த ஆஷ் மரங்கள் வெட்டுப்பட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். விறகை அங்கேயே வாங்கி அங்கேயே எரித்து முடியுங்கள்.

தடை நாளில் ஒரு சிறு நெருப்பும் மூட்டாதீர்கள். காட்டுத்தீ அபாயத்தைச் சோப்ஃபே அமைப்பு ஒவ்வொரு நாளும் அறிவிக்கும். 2023 ஜூன் 25 அன்று காட்டுத்தீப் புகையால் உலகப் பெருநகரங்களிலேயே மோசமான காற்று மொன்றியலில்தான் இருந்தது. கோட்-டெ-நெய்ஜில் யன்னலை மூடிவிட்டுப் பிள்ளைகளை உள்ளே வைத்திருந்தோம். விறகடுப்புச் சமையலை நம்பிப் போகாமல் வாயு அடுப்பையும் கொண்டுபோங்கள், ஆனால் அதைக் கூடாரத்துக்குள் மூட்டக்கூடாது, மழையென்றாலும் குளிரென்றாலும். அதன் நச்சுவாயுவுக்கு மணமில்லை. நித்திரையிலேயே உயிரை எடுத்துவிடும்.

சாப்பாட்டைக் கூடாரத்தில் வைத்துப் படுக்காதீர்கள். ஓக்காவில் றக்கூன் பெட்டியைத் திறக்கும். ட்ரொம்ப்ளாந்தில் கரடி வரும். புட்டும் சம்பலும் முட்டைப் பொரியலும் காலைக்குப் போதும். கருவாட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சட்டியைக் கழுவி, மிச்சம் எல்லாவற்றையும் காருக்குள் பூட்டுங்கள்.

ஆஸ்பத்திரி எங்கே என்று தெரியாமல் வெளிக்கிடாதீர்கள். ஓக்காவுக்குச் சென்-யூஸ்டாஷ், ட்ரொம்ப்ளாந் பக்கத்துக்குச் சென்-அகாத். 811 க்கு எடுத்தால் தாதி ஒருவர் கதைப்பார், ஆனால் தொலைபேசி வேலை செய்யாத பள்ளத்தாக்கில் அந்த இலக்கமும் உதவாது. மருந்தின் பெயர்களைக் கடதாசியில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பிரெஞ்சு நன்றாகப் பேசும் பிள்ளை ஒன்றிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

ஞாயிறு இரவு வீடு வந்ததும் உடம்பைப் பாராமல் படுக்காதீர்கள். மொன்தெரெஜியிலும் ஈஸ்ட்ரியிலும் லைம் நோய் பரப்பும் உண்ணி அதிகம். பூஷெர்விலும் யமாஸ்காவும் அந்தப் பக்கம்தான். முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு, காதின் பின், தலைமயிர் ஓரம் பாருங்கள். உண்ணி இருந்தால், நுனி கூரான சாவணத்தால் தோலுக்கு மிக அருகே பிடித்து நேராக இழுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. எங்கள் வீட்டில் இது அம்மாவின் வேலை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேரப்பிள்ளைகளை விளக்கின் கீழ் வரிசையாக இருத்தி, ஊரில் பேன் பார்த்ததுபோலத் தலைதலையாகப் பார்க்கிறா. பார்க்கும்போதே அடுத்த முறை எந்த இலக்கச் சைட் எடுக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறா.